மன்னிச்சிடுங்க! – 9: விடிந்தும் போகாத பேச்சு

2006 ஜூலை 28, வெள்ளிக்கிழமை. பொழுது விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேற்கே, மாலிபு கடற்கரையை ஒட்டிப் போகும் பசிஃபிக் கோஸ்ட் நெடுஞ்சாலையில் ஒரு லெக்ஸஸ் கார் பறக்கிறது. அந்த இடத்தில் மணிக்கு 45 மைல்தான் அனுமதி. கார் போனது 87 மைல் வேகத்தில். நம் கணக்குக்கு 140 கிலோமீட்டர். ஷெரிஃப் துறைக் காவலர் ஒருவர் மடக்கி நிறுத்திப் பார்த்தால், உள்ளே ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன். கூடவே ஒரு டெக்கீலா பாட்டில், மூடி திறந்தபடி. ஊதச் சொன்னார்கள். கருவி 0.12 சதவீதம் என்றது. கலிஃபோர்னியாவில் 0.08 வரை பொறுத்துக்கொள்வார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் இன்னும் கறார்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. அந்தக் கணக்கில் கிப்சன் நான்கு மடங்கு ஏற்றியிருந்தார்.

இதுவரை இது பெரிய செய்தியே இல்லை. குடித்துவிட்டு வண்டியோட்டி மாட்டிக்கொண்ட நடிகர்கள் ஹாலிவுட்டில் ஏராளம். அபராதத்தைக் கட்டி, கொஞ்ச நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தால் ஊர் மறந்துவிடும். அன்றிரவு மூன்ஷேடோஸ் என்ற உணவகத்தில் ரசிகர்களோடு சேர்ந்து அவர் சிரித்துக்கொண்டு நின்ற படங்களும் பிறகு வெளியாயின. அவற்றுக்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. கைதான பிறகு அவர் வாய் திறந்ததுதான் வினையாகிவிட்டது.

காவலர் எழுதிய அறிக்கைப்படி, கிப்சன் முதலில் யூதர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். உலகத்தில் நடக்கிற எல்லாப் போர்களுக்கும் யூதர்கள்தான் காரணம் என்றார். பிறகு காவலரையே பார்த்து, நீ யூதனா என்று கேட்டார். அவர் யூதர்தான். மாலிபுவே என்னுடையது, கையில் இருக்கிற காசையெல்லாம் கொட்டியாவது உன்னைப் பழிவாங்குவேன் என்றும் மிரட்டினார். காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரியைக் கொச்சையாக விளித்ததாகவும் செய்தி வந்தது. ஆத்திரத்தின் பெரும்பகுதி யூதர்களைப் பற்றிய பேச்சின் மேலேயே குவிந்ததால், அந்தப் பெண் அதிகாரிக்கு நேர்ந்தது தொலைக்காட்சி நகைச்சுவைக்குத் துணுக்காகிப்போனது. அதற்காகத் தனியே கொதித்தவர்கள் குறைவு.

நேரமும் அப்படி அமைந்துவிட்டது. ஜூலை 12 முதல் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லாவுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. கிப்சன் கைதான அதே நாள் பிற்பகல், சியாட்டில் நகரில் யூதர் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் ஒரு பெண்ணைக் கொன்றான். ஐந்து பெண்களுக்குக் காயம். ஒரு நடிகரின் போதை உளறலை உளறல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வாரமாக அது இல்லை.

அந்தப் பேச்சு வெளியே வராமலே போயிருக்கவும் கூடும். ஷெரிஃப் துறையின் செய்தித் தொடர்பாளர் முதலில் சொன்னது, அசம்பாவிதம் எதுவுமின்றிக் கைது நடந்தது என்பதுதான். தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத டி.எம்.இசட். என்ற இணையச் செய்தி நிறுவனம் அன்றே காவலர் தன் கையால் எழுதிய அறிக்கையின் நான்கு பக்கங்களை அப்படியே வெளியிட்டது. வசவுகளை நீக்கிவிட்டு வேறு அறிக்கை எழுதும்படி மேலிடம் சொன்னது என்றும், முதல் அறிக்கையைப் பெட்டகத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு நடந்தது என்றும் குற்றம் சாட்டியது. ஷெரிஃப் துறையின் தொண்டு அமைப்புக்கு கிப்சன் முன்பு உதவியிருந்தார் என்பதும் சேர்ந்துகொள்ள, பிரபலம் என்றால் தனிக் கவனிப்பா என்ற கேள்வி எழுந்தது. விசாரணைக்கும் உத்தரவிட்டார்கள். துறை சொல்வதையே ஊடகம் திருப்பிச் சொல்லியிருந்தால், 87 மைல் வேகமும் ஒரு டெக்கீலா பாட்டிலும்தான் செய்தியாகியிருக்கும்.

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு’ என்று நாம் ஒரு வரியில் தீர்த்துவைக்கும் விஷயத்தை அமெரிக்கா வாரக்கணக்கில் விவாதித்தது. போதை ஏறினால் மனதில் இல்லாதது வருமா, உள்ளே கிடப்பதுதான் வெளியே கொட்டுமா? நாக்குக்குப் போட்ட பூட்டைத்தான் மது கழற்றும், கருத்தை அதுவே தயாரித்துத் தராது என்றார்கள் மருத்துவர்கள் பலர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. குடித்தவன் கால் தடுமாறலாம், வார்த்தை குழறலாம். ‘எல்லாப் போருக்கும் இன்னார்தான் காரணம்’ என்பது குழறல் இல்லை. அது ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு கட்டுக்கதை. எங்கோ கேட்டுப் பழகியவருக்குத்தான் பாதி ராத்திரியில் அது வாயில் வரும்.

எங்கே கேட்டிருப்பார் என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ 2004-இல் வருவதற்கு முன்பே, ஏசுவின் சாவுக்கு யூதர்கள்மேல் பழி போடும் பழைய வழக்கத்தைப் படம் புதுப்பிக்கிறது என்று யூத அமைப்பான அவதூறு எதிர்ப்பு லீகின் தலைவர் ஏபிரஹாம் ஃபாக்ஸ்மன் எச்சரித்துக்கொண்டிருந்தார். படம் வெளியாகும் சமயத்தில் கிப்சனின் தந்தை ஹட்டன் கிப்சன் ஒரு வானொலிப் பேட்டியில், நாஜிகளின் யூதப் படுகொலையே பெரும்பாலும் புனைவு என்கிற மாதிரிப் பேசினார். அப்போது விமர்சித்தவர்களைக் கிறிஸ்தவ விரோதிகள் என்று வசைபாடியவர்கள் உண்டு. படமோ உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆகவே 2006 ஜூலை கடைசியில் ஒரு தரப்பு ‘அன்றைக்கே சொன்னோமே’ என்றது. அந்தப் படத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போன பக்தர்களில் பலர், பாவம் செய்யாதவர் யார் என்றார்கள். இரு தரப்புமே அந்த நான்கு பக்கங்களைப் படித்துத் தெரிந்துகொண்ட புதிய விஷயம் எதுவும் இல்லை. ஏற்கனவே வைத்திருந்த முடிவுக்கு ஆளுக்கொரு முத்திரை குத்திக்கொண்டார்கள்.

சரி, மன்னிப்புக்கு வருவோம். கிப்சன் ஒன்றல்ல, இரண்டு வெளியிட்டார். மறுநாள் சனிக்கிழமை வந்தது முதலாவது. கட்டுப்பாடிழந்து நடந்துகொண்டேன், நானே நம்பாத இழிவான விஷயங்களைப் பேசிவிட்டேன், வாலிபம் தொட்டுக் குடிநோயோடு போராடி வருகிறேன் என்றெல்லாம் அதில் இருந்தது. ‘யூதர்’ என்ற சொல் மட்டும் இல்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பதையே விட்டுவிட்டு எழுதிய மன்னிப்பு! இது போதாது, இதில் வருத்தமே தெரியவில்லை என்று ஃபாக்ஸ்மன் தள்ளிவிட்டார். செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 1, இரண்டாவது வந்தது. இதில் யூத சமூகத்திடம் நேராகப் பேசினார். இப்படிப் பேசியதற்குச் சாக்கே கிடையாது என்றார். தான் யூத வெறுப்பாளன் அல்ல என்றார். யூதத் தலைவர்களைச் சந்தித்துக் காயம் ஆற வழி கேட்க விரும்புவதாகச் சொன்னார். இதை ஃபாக்ஸ்மன் ஏற்றுக்கொண்டார்.

இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் மூன்றே நாள்தான். ஒரு மனிதனின் உள்ளம் அதற்குள் எவ்வளவு மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று நாளில் அவரைச் சுற்றியிருந்த வியாபாரம் எப்படியெல்லாம் அசைந்தது என்பது பதிவாகியிருக்கிறது. திங்கள்கிழமை ஏ.பி.சி. தொலைக்காட்சி, கிப்சனின் நிறுவனத்தோடு சேர்ந்து எடுப்பதாக இருந்த குறுந்தொடரைக் கைவிட்டது. தொடரின் பொருள், நாஜிகளிடமிருந்து தப்பிய ஒரு டச்சு யூதப் பெண்ணின் கதை. சேனல் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஏறத்தாழ இரண்டு வருடமாகியும் திரைக்கதையின் முதல் வரைவுகூட வந்து சேரவில்லையாம்! இரண்டு வருடம் பொறுத்தவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் பொறுமை போயிருக்கிறது.

துணிந்து பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நடிகர்களின் ஏஜென்ட்டான ஏரி இமானுவேல், யூதர்களும் யூதரல்லாதவர்களும் கிப்சனோடு இனி வேலை செய்யக் கூடாது என்று திறந்த மடல் எழுதினார். சோனியின் ஏமி பாஸ்கல் வெளிப்படையாகக் கண்டித்தார். மற்றப் பெரிய ஸ்டுடியோக்களின் தலைமையிலிருந்து சத்தத்தையே காணோம். பார்பரா வால்டர்ஸ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இவர் படத்தை இனிப் பார்க்க விருப்பமில்லை என்றார். எதிர்த் திசையிலும் குரல்கள் வந்தன. நடிகை ஜோடி ஃபாஸ்டர் நண்பருக்காகப் பேசினார். யூதரான தயாரிப்பாளர் டீன் டெவ்லின், தான் பழகிய கிப்சன் அப்படிப்பட்டவர் அல்ல என்றார். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து யூத நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மனதிலும் யூத இனத்தைப் பற்றிய அந்தக் கட்டுக்கதை உட்கார்ந்திருக்க முடியும். நம் ஊரில் சாதி பார்க்கிறவர்களுக்கும் எல்லாச் சாதியிலும் நண்பர்கள் இருக்கிறார்களே.

கிப்சனின் அடுத்த படமான ‘அபோகாலிப்டோ’வை வெளியிட வேண்டிய டிஸ்னி பின்வாங்கவில்லை. டிசம்பர் 8 அன்று படம் வந்தது. மாயன் மொழியில் எடுத்த, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படம். முதல் வார இறுதியிலேயே சுமார் ஒன்றரைக் கோடி டாலரோடு அமெரிக்க வசூலில் முதலிடம். வால்டர்ஸ் போகாவிட்டால் என்ன, மற்றவர்கள் போய்விட்டார்கள்.

நீதிமன்றத்தில் நடந்தது இதற்கெல்லாம் முன்பே முடிந்திருந்தது. ஆகஸ்ட் 17 அன்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று கிப்சன் தரப்பு சொன்னது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,300 டாலர் அபராதம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு ஓராண்டு போய்வர வேண்டும். யூதர்களைப் பற்றிப் பேசியதற்கு? ஒன்றுமில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் இருக்கும்வரை அங்கே அது குற்றமே ஆகாது. குடிக்குத் தசமப் புள்ளி வரை அளவு உண்டு, கூட்டத்துக்குப் போகும் நாள் வரை தண்டனை உண்டு. பேச்சுக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் ஆளாளுக்கு நீதிபதியானார்கள்: ஏஜென்ட் ஆயுள் தண்டனை கேட்டார், டிஸ்னி உடனே விடுதலை செய்தது, ஏ.பி.சி. திரைக்கதை தாமதம் என்று வாய்தா வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இதே கதை பாரிஸில் நடந்தால்? நடந்தது. 2011 பிப்ரவரி 24. மரே பகுதி, பாரிஸின் பழைய யூதக் குடியிருப்பு. அங்கே லா பெர்ல் என்ற கஃபேயில் டியோர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஜான் கல்லியானோ, குடிபோதையில் பக்கத்து மேசைக்காரர்களிடம் யூத வெறுப்பு வசவுகளைக் கொட்டினார். டியோர் மறுநாளே அவரை இடைநீக்கம் செய்தது. அதே கஃபேயில் முன்பொரு நாள் எடுத்த வீடியோ திங்கள்கிழமை வெளியானது. ஹிட்லரைப் பிடிக்கும் என்று அவர் குழறுவது அதில் தெளிவாகக் கேட்டது. டியோர் வாசனைத் திரவியத்தின் விளம்பர முகம் நடாலி போர்ட்மன், யூதர், முந்தைய இரவுதான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியிருந்தார். இந்த ஆளோடு எனக்கு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று அறிக்கை விட்டார். அடுத்த நாள் டியோர் கல்லியானோவை வேலையை விட்டு நீக்குவதாக அறிவித்தது. அந்த வெள்ளிக்கிழமை ஃபேஷன் காட்சி திட்டப்படி நடந்தது. முடிவில் வடிவமைப்பாளர் வந்து வணங்க வேண்டிய இடத்தில், வெள்ளைக் கோட்டு போட்ட தையல்கூடத் தொழிலாளர்கள் வந்து நின்றார்கள்.

பிரான்ஸில் பிறப்பையோ மதத்தையோ சொல்லி ஒருவரைப் பொது இடத்தில் இழிவுபடுத்துவது குற்றம். அப்போது அது ஆறு மாதச் சிறைவரை போகக்கூடியதாக இருந்தது. ஆகவே அங்கே வழக்கே பேச்சின் மேல்தான். கல்லியானோ கூண்டில் நின்று, எதுவுமே நினைவில்லை, மதுவுக்கும் வேலியத்துக்கும் தூக்க மாத்திரைக்கும் அடிமையாகியிருந்தேன் என்றார். செப்டம்பர் 8 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அபராதம் 6,000 யூரோ, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கைக்காசு பெரிதாகப் போகவில்லை. ஆனால் அவர் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரிடம் பேசிய பேச்சு தவறு என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்துவிட்டது. போதை அங்கே விளக்கமாக எடுபட்டது, விடுதலையாக எடுபடவில்லை. பிரெஞ்சு அரசு தந்திருந்த கௌரவ விருதும் 2012-இல் பறிபோனது. 2014-இல் மார்ஜியெலா என்ற வேறொரு ஃபேஷன் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தபோது முணுமுணுப்பு இருந்தது, எதிர்ப்பு ஓங்கவில்லை. பேச்சையெல்லாம் வழக்காக்குவது நல்லதா என்பது வேறு சங்கதி. நம் நாட்டில் அந்த அதிகாரம் யார் கையில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கிறவன் நான். அதனால் கைதட்ட யோசிக்கிறேன்.

கிப்சனுக்கு வந்த மறுபிறவி இன்னும் கோணலானது. 2009-இல் அவருடைய குற்றத் தீர்ப்பு பதிவிலிருந்தே நீங்கியது. 2010 ஜூலையில் முன்னாள் துணைவியிடம் அவர் தொலைபேசியில் கத்திய ஒலிப்பதிவுகள் வெளிவந்தன. இந்தத் தடவை கறுப்பின மக்களைப் பற்றிய இழிசொல். அப்போதுதான் அவருடைய ஏஜென்சி அவரைக் கைவிட்டது. அதன் தலைமையில் இருந்தவர் வேறு யாருமல்ல, திறந்த மடல் எழுதிய அதே ஏரி இமானுவேல். 2009-இல் இரண்டு ஏஜென்சிகள் ஒன்றானபோது கிப்சன் அவருடைய வாடிக்கையாளர் பட்டியலுக்குள் வந்துவிட்டிருந்தார். யாரும் சேர்ந்து வேலை செய்யாதீர்கள் என்றவரின் நிறுவனம் ஓராண்டுக்கு மேல் கிப்சனை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது! 2017-இல் ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கருக்குக் கிப்சன் பெயர் பரிந்துரையானது. 2025 ஜனவரியில் ஹாலிவுட்டுக்கான தன் சிறப்புத் தூதர்கள் மூவரில் ஒருவராக அவரை டிரம்ப் அறிவித்தார்.

அன்றிரவு அறிக்கையைத் தன் கையால் எழுதிய காவலர் என்ன ஆனார்? 2010-இல் அவர் தன் துறைமீதே வழக்குத் தொடுத்தார். வசவுகளை அறிக்கையிலிருந்து எடுக்கும்படி மேலதிகாரிகள் வற்புறுத்தினார்கள், அதன்பின் யூதர் என்பதற்காகவே பதவி உயர்வு தராமல் ஒதுக்கினார்கள் என்பது அவருடைய புகார். 2012-இல் வழக்கு 50,000 டாலருக்குச் சமரசமானது. இத்தனை மன்னிப்பு புரண்ட இந்த விவகாரத்தில், அந்தப் பணத்தைக் கட்டியது லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் வரிப்பணம்.

(தொடரும்)