தலையிடி என்று வரும் மனவடு

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களை ஒட்டிய அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு வகை நோயாளிகள் திரும்பத் திரும்ப வருவார்கள். தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு பதைக்குது, கால் உளைவு என்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு ஒன்றுமில்லை. வலி மாத்திரை எழுதப்படும். அடுத்த மாதமும் அதே வரிசையில் அதே அம்மா நிற்பார். முள்ளிவாய்க்கால் இறுதிப் போர் பற்றியோ, 1990-இல் படகேறிய இரவு பற்றியோ அவராகச் சொல்லமாட்டார். யாரும் கேட்பதுமில்லை.

போரில் சிதைந்த மனம் நம்மவரிடம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்.

உடம்பு ஏன் மறப்பதில்லை

உயிருக்கு ஆபத்து என்றதும் மூளையின் அமிக்டலா என்ற பகுதி உடம்பை உசுப்பிவிடும். இதயம் வேகமெடுக்கும், தசைகள் இறுகும். பதுங்கு குழிக்கு ஓட அது வேண்டியதுதான். ஆபத்து நீங்கிய பிறகும் சிலருக்கு அந்த உசுப்பல் அடங்குவதில்லை. தீபாவளி வெடியும் தாழப் பறக்கும் ஹெலிகாப்டரும் அவர்களுக்கு ஷெல்லடியையும் கிபிர் விமானத்தையும் கொண்டுவந்துவிடும். அந்த நேரத்தில் அது பழைய நினைவாகத் தெரியாது, இப்போது நடப்பதாகவே உடம்பு நம்பும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், போர்ப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவது, யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவர்கள் அதை பி.டி.எஸ்.டி., அதாவது மனவடுவுக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு, என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது 1980-இல்தான். நோய் அதற்கெல்லாம் மூத்தது.

போரைப் பார்த்த எல்லோரும் நோயாளிகள் என்று முடிவுகட்டவும் கூடாது. போர் பாதித்த பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அதாவது 22 விழுக்காட்டினருக்கு, ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருப்பதாக 2019-இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மனச்சோர்வும் பதற்றமும் அதில் அடக்கம். மற்றவர்கள் துக்கத்தோடும் சொந்தபந்தங்களின் துணையோடும் சமாளித்துக்கொள்கிறார்கள்.

காத்திருப்பு என்ற இரண்டாவது அடி

போர்தான் காரணம் என்று நிறுத்திக்கொள்வது நமக்கு வசதி, ஏனென்றால் அது அங்கே நடந்தது. ஆஸ்திரேலியாவில் புகலிடம் கேட்ட தமிழர்களிடையே 1990-களில் சக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவ் முதலியோர் செய்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது. வந்து சேர்ந்த பிறகு ஏற்படும் நெருக்கடிகளும் மனவடு அறிகுறிகளைக் கூட்டுகின்றன. விண்ணப்பத்துக்குப் பதில் வராதது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், வேலையின்மை, ஊரில் விட்டு வந்தவர்களைப் பற்றிய கவலை எல்லாம் இதில் வரும்.

தமிழ்நாட்டு முகாம்களில் இந்தக் காத்திருப்புக்கு நாற்பது வயதாகிவிட்டது. 1983 முதல் அலை அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தும், பெரும்பாலோர் இன்னும் அகதிகள்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. முகாமின் பெயரை 2021-இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது நல்ல காரியம். ஆனால் பொறியியல் படித்த பையன் பாஸ்போர்ட் இல்லாமல் பெயிண்ட் அடிக்கப் போகும்போது அவனுக்கு வரும் மனச்சோர்வை எந்த மாத்திரை தீர்க்கும்? இந்த நோயின் ஒரு பகுதிக்கு மருந்து அரசாணையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

படத்துக்கு மாலை போடுவதா

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடைய துயரம் இன்னும் சிக்கலானது. உடல் கிடைக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. திவசத்துக்கு நாள் குறிக்க முடியவில்லை. மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? சுவரில் மாட்டிய படத்துக்கு மாலை போட்டால் மகனைத் தானே கொன்றுவிட்டதாகத் தாய்க்குத் தோன்றும். ‘இருக்கிறான், கிழக்குப் பக்கம் இருக்கிறான்’ என்று சாத்திரக்காரர் சொன்னால் நாலு நாள் சோறு இறங்கும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் இந்த நிலையிலிருந்து எழுந்ததுதான்.

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு என்று இதைத் தனியாக வகைப்படுத்தினார். ‘செத்துப்போயிட்டான்னு நினைச்சுக்கோம்மா’ என்று அந்தத் தாயை வற்புறுத்துவது உதவியல்ல. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் சேர்த்துச் சுமந்தபடியே சமைக்கவும், மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கவும், கோயிலுக்குப் போகவும் துணைநின்றால் போதும்.

வீட்டுக்குள் இறங்குவது

மனவடு ஒருவரோடு நிற்பதில்லை. இலங்கைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளாடியா கட்டானி குழுவினர் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. பிள்ளைகள் போரில் பட்ட துன்பமும் தகப்பனின் குடியும் வீட்டுக்குள் விழும் அடியோடு தொடர்புடையவை என்று அது கண்டது. குடிக்கிற மனிதரைத் திட்டுவது சுலபம். அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்காக அவர் கைநீட்டுவதை மன்னிக்கச் சொல்லவில்லை. மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில்.

மௌனமும் இறங்குகிறது. ‘பிள்ளைக்கு ஏன் இதெல்லாம்’ என்று பெற்றோர் வாய் திறப்பதில்லை. கதவு பலமாகத் தட்டப்பட்டால் அப்பா ஏன் வெளிறுகிறார் என்று புரியாமல் பிள்ளை தானாக ஒரு கதை கட்டிக்கொள்கிறது, பெரும்பாலும் தன்மேல்தான் தப்பு என்று. வயதுக்கேற்ப, சுருக்கமாக, உண்மையைச் சொல்லலாம். சிறு பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, அம்மாவை விட்டு நகராதது, குண்டு போடும் விளையாட்டையே விளையாடுவது, படிப்பில் திடீரெனச் சறுக்குவது ஆகியவற்றை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

டொராண்டோ, லண்டன், சூரிச் போன்ற ஊர்களில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பது பத்து வயதுப் பிள்ளைதான். தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை ஒரு தாய் மகனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையிடம் கேட்டுப் பெறலாம்.

சிகிச்சை

‘நடந்ததை மறந்துடு’ என்பது பலிக்காது. அதே அளவு கெடுதல், ‘எல்லாத்தையும் கொட்டிடு’ என்று முதல் சந்திப்பிலேயே நோண்டுவது. உண்ண, உறங்க, உறவினரைத் தேட வழிசெய்துவிட்டு, அவர் பேசினால் கேட்பதுதான் முதலுதவி.

நோய் முற்றியிருந்தால் பயிற்சி பெற்றவரின் உளவியல் சிகிச்சை வேண்டும். பிறந்ததிலிருந்து இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைத்து, சிதறிய நினைவுகளை அதனதன் காலத்தில் பொருத்தும் கதைசொல்லல் சிகிச்சை அகதிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது, வட இலங்கையிலும் பயன்பட்டிருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்துகளும் பலருக்கு உதவும். கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடும் தூக்க மாத்திரை உதவாது, பழக்கமாகிவிடும்.

சாகலாம் என்ற பேச்சு, இல்லாத குரல் கேட்பது, நாட்கணக்கில் சாப்பிடாதிருப்பது தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களைக் கூப்பிடலாம். மருத்துவரிடம் போகும்போது தலையிடியோடு சேர்த்து, எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர்கள் மாத்திரை எழுதும் முன் அதைக் கேட்டால் இன்னும் நல்லது.