குடவோலை ஊர் சொல்லும் செல்போன் பாடம்!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்து எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கி.பி. 919-லும் 921-லும் வகுத்த விதிகள் அவை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் நாம் படித்த குடவோலை முறை இதுதான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் தன் உரையில் குறிப்பிட்டதும் இந்த ஊரைத்தான்.

சரி, அதற்கும் நம் கையில் இருக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஏமாற்று வேலை நடக்காமல் தடுப்பது எப்படி என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து யோசித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இன்று உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பணம் செல்போன் வழியாகத்தான் நடமாடுகிறது. டீக்கடையில் கியூ.ஆர். கோடு அட்டை தொங்குகிறது. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை, விவசாயிகளுக்கான பி.எம். கிசான் தொகை, ஊரக வேலைத் திட்டக் கூலி எல்லாமே வங்கிக் கணக்குக்கு வருகின்றன. 'டிங்' என்று மெசேஜ் வந்தால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதே போன் வழியாக, இரண்டே நிமிடப் பேச்சில், அந்தப் பணம் போய்விடவும் கூடும்.

ஊரே பார்க்க ஒரு குடம்

குடவோலை நாளன்று என்ன நடந்தது என்பதைக் கல்வெட்டு படிப்படியாகச் சொல்கிறது. ஊரில் 30 குடும்புகள். இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்கும் சபையில், கோயில் நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, அனைவர் கண்ணுக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான்.

அடுத்து வருவதுதான் அழகு. மத்தியஸ்தர் அந்த ஓலையை ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் இன்னோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிட வழியே இல்லை. அவர் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் பதிவாகும்.

எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள இன்றைய தேர்தல் அல்ல அது. நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயது வரையிலான ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். ஆனால், அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த பாதுகாப்பு யோசனை இன்றைக்கும் பழசாகவில்லை. மத்தியஸ்தர் நல்லவரா, கெட்டவரா என்று யாரும் ஆராயவில்லை. யார் வந்தாலும் ஏமாற்ற முடியாதபடி முறையை அமைத்தார்கள். எந்த ஓலை வரும் என்பது எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. எடுத்துவிட்டால் சபைக்கே தெரியும்.

மோசடிக்காரரின் தலைகீழ்க் கணக்கு

போனில் வரும் மோசடிக்காரர் இதை அப்படியே தலைகீழாக்குகிறார். மூடி வைக்க வேண்டியதைத் திறக்கச் சொல்வார். திறந்து பேச வேண்டியதை மூடச் சொல்வார்.

"அம்மா, பேங்க்ல இருந்து பேசுறேன். உங்க ஏ.டி.எம். கார்டு இன்னைக்கு சாயந்திரத்தோட பிளாக் ஆகிடும். இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க..." இது முதல் வகை. ரகசியமாக இருக்க வேண்டிய ஓ.டி.பி.யை உடைக்கும் வேலை.

"உங்க ஆதார் நம்பர்ல போதைப்பொருள் பார்சல் வந்திருக்கு. வீடியோ காலை கட் பண்ணக் கூடாது. வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது..." இது இரண்டாவது வகை. குடும்பத்துக்குத் தெரிய வேண்டியதை மறைக்கச் செய்யும் வேலை. இதற்குத்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரே இதைத் தெளிவாகச் சொல்லி, நில், யோசி, செயல்படு என்று மூன்று படிகளைக் குறிப்பிட்டார். எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது. எந்த நீதிமன்றமும் வீடியோ காலில் மிரட்டி ஜிபேயில் அபராதம் வாங்காது.

எந்தப் புது மோசடி வந்தாலும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ரகசியத்தைக் கேட்கிறார்களா? வீட்டில் சொல்லாதே என்கிறார்களா? இரண்டில் ஒன்று இருந்தாலும் போனை வைத்துவிடலாம்.

மூடி வைக்க வேண்டியவை

பின் நம்பர்: பணம் அனுப்புவதற்குத்தான் யு.பி.ஐ. பின் தேவை. பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை. "பரிசுத் தொகை அனுப்புறோம், பின் நம்பரை அழுத்துங்க" என்றால் உங்கள் பணம் போகப்போகிறது என்று பொருள். போனைத் திறக்கும் எண்ணும் யு.பி.ஐ. பின்னும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டு: பிறந்த தேதி, வண்டி நம்பர், பிள்ளை பெயர் மூன்றும் வேண்டாம். சம்பந்தமில்லாத நான்கு சொற்களைக் கோத்து, ஆங்கில எழுத்தில் டைப் செய்யலாம். முறுக்கு, மொட்டைமாடி, மாட்டுவண்டி, மழை என்பது போல. இதையே அப்படியே வைத்துவிடாமல் உங்கள் மனதுக்கு வருவதை வையுங்கள். நினைவில் நிற்கும், ஊகிப்பது கடினம். முக்கியமாக, இ-மெயிலின் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அந்த இ-மெயிலுக்குத்தான் வரும். அதுதான் வீட்டுக் கொத்துச்சாவி.

வாட்ஸ்அப்: செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதை ஆன் செய்து 6 இலக்க எண் ஒன்றை வையுங்கள். உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை யாராவது ஏமாற்றி வாங்கினாலும், இந்த எண் தெரியாமல் உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றுவது கடினம்.

ஆதார்: நகல் கேட்கும் இடங்களில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. பூட்டியிருந்தால் உங்கள் ரேகையை நகல் எடுத்து யாரும் பணம் எடுக்க முடியாது. ரேஷன் கடையில் விரல் வைக்கப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பிரவுசிங் சென்டர்: பட்டா, சான்றிதழ் என்று பிரின்ட் எடுக்கப் போகிறோம். வேலை முடிந்ததும் மூன்றைச் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். டவுன்லோடு ஃபோல்டரில் உள்ள உங்கள் கோப்பை அழிப்பது, இ-மெயிலிலிருந்து வெளியேறுவது, உங்கள் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்குவது.

கல்யாணப் பத்திரிகை வடிவில் கள்ளன்

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. ஆனால் அது படமல்ல, முடிவில் 'ஏ.பி.கே.' என்ற எழுத்துகள் உள்ள ஃபைல். டிராஃபிக் அபராத ரசீது என்றும், பி.எம். கிசான் ஆப் என்றும்கூட இப்படி வருவதுண்டு. பத்திரிகைக்கு எதற்கு ஆப்? தொட்டு இன்ஸ்டால் செய்துவிட்டால், உங்கள் மெசேஜ்களை அது படிக்கத் தொடங்கலாம். ஓ.டி.பி.யை நீங்கள் சொல்லவே வேண்டாம், அதுவே எடுத்துக்கொள்ளும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகு தொடுங்கள். அவருடைய போனே ஏற்கெனவே சிக்கியிருக்கலாம். ஆப் என்றால் பிளே ஸ்டோரில் இருந்து மட்டும், அதிலும் வெளியிட்டவர் யார் என்று பார்த்த பிறகு.

வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில்தான் நெட் பேங்கிங் செய்கிறீர்கள் என்றால், புதிய விண்டோஸுக்கு மாற முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்காக

எழுத்து சின்னதாக இருப்பதால், தெரியாமல் எதையோ தொட்டுவிடும் பெரியவர்கள் அதிகம். எனவே பாதுகாப்பின் முதல் படி, எழுத்தின் அளவைக் கூட்டுவது. இரண்டாவது, தினமும் தேவைப்படும் நான்கைந்து ஆப்களை மட்டும் முகப்பில் வைப்பது. மூன்றாவது, யு.பி.ஐ.க்கு என்று தனியாக ஒரு கணக்கு. மாதச் செலவுக்கான தொகை மட்டும் அதில் இருக்கட்டும். நெல் விற்ற பணமும் பென்ஷன் சேமிப்பும் வேறு கணக்கில், யு.பி.ஐ. இணைக்காமல் இருக்கட்டும்.

நான்காவதுதான் முக்கியம். சென்னையில் வேலை பார்க்கும் மகனோ, பக்கத்து வீதியில் இருக்கும் அத்தை மகளோ, ஒருவர் பெயரை முடிவு செய்து, "சந்தேகம்னா ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் எனக்குப் போன் பண்ணுங்கப்பா" என்று சொல்லி வையுங்கள். குடும்பத்துக்கு ஒரு மத்தியஸ்தர்.

பணம் போய்விட்டால்...

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. கையோடு வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மெசேஜ்களையும் அழைப்பு விவரங்களையும் அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், இழப்பு உங்களைச் சேராது என்றன 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்கள் இழப்பு என்றன அவை. புகாருக்குப் பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு. ஆக, எந்த நிலையிலும் தாமதம்தான் எதிரி.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வெட்கம். "படிச்சவளே இப்படி ஏமாந்துட்டியே", "உன்னை யாரு தொடச் சொன்னது" என்ற ஏச்சுக்குப் பயந்து, பணம் போனதை வீட்டில் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. அந்த மௌனம் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம். ஏமாந்தவர் வந்து சொன்னால், திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930.

உத்திரமேரூர் சபை, கணக்குக் காட்டாதவரை மீண்டும் வாரியத்துக்குள் விடவில்லை. அதற்குப் பயந்த கணக்கு அது. நம் வீட்டுக் கணக்கு வேறு. இங்கே பயமில்லாமல் வந்து சொல்ல முடிய வேண்டும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது, "இன்னைக்கு ஏதாவது விசித்திரமா போன் வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஓ.டி.பி. அவரவரோடு இருக்கட்டும். வந்த அழைப்பு மட்டும், விரித்த உள்ளங்கை ஓலை மாதிரி, வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்!