ஒரே வகுப்பறையில் இரண்டு சபைகள்

வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பள்ளி விட்டு வரும் பையனின் சீருடையைப் பார்த்தே அவன் கத்தோலிக்கனா, புராட்டஸ்டண்டா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கையில் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் மட்டை இருந்தால் கத்தோலிக்கப் பள்ளி. ரக்பி பந்து இருந்தால் அநேகமாக மற்றது. இருவரும் கும்பிடுவது ஒரே கிறிஸ்துவைத்தான். ஆனால் தனித்தனிப் பள்ளி, தனித்தனித் தெரு, சில இடங்களில் நடுவே உயரமான ‘அமைதிச் சுவர்’.

வடக்கு அயர்லாந்தின் முப்பதாண்டு மோதலில் ஏறத்தாழ 3,500 பேர் உயிரிழந்தனர். சண்டை வேதத்தைப் பற்றியதல்ல. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதும், வேலையிலும் வீடு ஒதுக்குவதிலும் கத்தோலிக்கர் சந்தித்த பாகுபாடும்தான் அதன் வேர். மோதலைப் பள்ளிகள் உண்டாக்கவில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பில் ஒரு சிநேகிதன்கூட இல்லாமலே ஒரு பிள்ளை படிப்பை முடித்துவிட முடிந்தது.

1923இல் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க அரசு முயன்றபோது இரு தரப்புச் சபைகளும் எதிர்த்தன. இருக்கும் பள்ளிகள் விரும்பினால் ஒருங்கிணைந்த பள்ளிகளாக மாறலாம் என்று 1978இல் சட்டம் வந்தது, ஒன்றுகூட முன்வரவில்லை. பொறுத்துப் பார்த்த பெற்றோர் தாங்களே இறங்கினார்கள். 1981 செப்டம்பரில், நகருக்கு வெளியே ஒரு சாரணர் கூடத்தில், 28 பிள்ளைகளோடு லகான் கல்லூரி என்ற ஒருங்கிணைந்த பள்ளி தொடங்கியது. சிறையில் உண்ணாவிரதமிருந்த பத்துப் பேர் அடுத்தடுத்து இறந்து ஊரே கொதித்துக்கிடந்த ஆண்டு அது. அரசுப் பணமும் அப்போது கிடையாது. அந்தப் பெற்றோரின் துணிச்சலை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இத்தகைய பள்ளி மதத்தை வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. கத்தோலிக்கக் குழந்தைகளை முதல் நற்கருணைக்கு அங்கேயே தயார்செய்கிறார்கள். நவம்பரில் சட்டையில் குத்தும் சிவப்புப் பாப்பிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வீட்டில் அது உலகப் போரில் மாண்ட கொள்ளுத்தாத்தாவின் நினைவு, இன்னொரு வீட்டில், கதவை உடைத்துக்கொண்டு வந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சின்னம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கும்போது இந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்காத ஆசிரியர் வேண்டும். கடினமான வேலை; அதற்குத் தனிப் பயிற்சி தேவை.

சும்மா சந்தித்தால் வெறுப்பு குறைந்துவிடாது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகியவை கூடி வர வேண்டும் என்றார். தினமும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் இவற்றுக்கு வழியுண்டு. ஆண்டுக்கொரு நாள் கைகோத்துப் படமெடுக்கும் நல்லிணக்க விழாவில் இல்லை.

2016இல் வந்த ஒரு சட்டம் நடுவழியொன்றையும் ஊக்குவிக்கிறது. தத்தம் அடையாளத்தை விடாத இரண்டு பள்ளிகள் சில பாடங்களைச் சேர்ந்து நடத்தலாம். சிற்றூர்களில் இதுவே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மணியடித்ததும் அவரவர் கட்டடத்துக்குத் திரும்புவதில் எனக்கு முழு நிறைவு இல்லை.

1998 அமைதி உடன்படிக்கை ஒருங்கிணைந்த கல்வியை வளர்ப்பதாக உறுதி சொன்னது. இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூட ஒருங்கிணைந்த பள்ளியில் படிக்கவில்லை. இருக்கும் பள்ளி மாற வேண்டுமானால் பெற்றோர் வாக்களிக்க வேண்டும். கடைசிக் கையெழுத்து கல்வி அமைச்சருடையது. 2025 ஜனவரியில், பேங்கர் நகரின் பெரிய பள்ளியொன்றில் பெற்றோர் பெருவாரியாக ஆதரித்தும் அமைச்சர் மறுத்தார். போதிய கத்தோலிக்கப் பிள்ளைகள் சேர்வதற்கு ஆதாரமில்லை என்றார். கதவைத் திறந்து பார்க்காமலே யாரும் வரமாட்டார்கள் என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.