உச்சியிலும் நிற்காத பந்து

மேசை விளிம்பில் இரண்டு நாணயங்கள். ஒன்றை விரலால் பலமாகச் சுண்டுங்கள். அதே நொடியில் மற்றதை நேர் கீழே நழுவவிடுங்கள். சுண்டிய நாணயம் எட்டப் போய் விழுந்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் தரையைத் தொடும். பக்கவாட்டு வேகம் எவ்வளவு இருந்தாலும் கீழே விழும் வேலையில் அது தலையிடுவதில்லை. பிளஸ் ஒன் மாணவர்களை மிரட்டும் எறிபொருள் கணக்கு முழுவதும் இதற்குள் அடக்கம்.

இதை அளந்து பார்த்தவர் கலிலியோ. 1608இல், பதுவா நகரில், சாய்தளத்தில் உருட்டிய குண்டை மேசையிலிருந்து பாயவிட்டு, விழுந்த தூரங்களைத் தாளில் குறித்தார். அந்தத் தாள் இன்றும் புளோரன்ஸில் இருக்கிறது. பாதை பரவளையம் என்று நிறுவிய அவரது நூல் 1638இல் லெய்டனில் அச்சானபோது, அவர் பார்வையிழந்து வீட்டுக்காவலில் இருந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். தரையிலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 டிகிரி கோணத்தில் ஒரு பந்து உதைக்கப்படுகிறது. எங்கே விழும்? முதலில் வேகத்தைப் பிரியுங்கள்: செங்குத்தாக 10, கிடைமட்டமாக 17.3. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், ஏற 1 விநாடி, இறங்க 1 விநாடி. அந்த 2 விநாடியும் பந்து கிடைமட்டமாக 17.3 வேகத்திலேயே போகிறது. ஆக, 34.6 மீட்டர். இரண்டு திசைகளையும் இணைப்பது நேரம் மட்டுமே. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கல். 60 டிகிரியில் உதைத்தாலும் இதே 34.6 மீட்டர்தான் வரும், போட்டுப் பாருங்கள்.

பலரும் சறுக்கும் இடம் உச்சி. அங்கே திசைவேகம் சுழி என்று எழுதிவிடுகிறார்கள். சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும், 17.3 அப்படியே இருக்கிறது. முடுக்கமும் சுழி என்பது அதைவிடப் பெரிய தப்பு. உச்சியில் புவியீர்ப்பு ஓய்வெடுத்தால் பந்து ஏன் இறங்க வேண்டும்?

45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். குண்டு எறியும் வீரரின் கையிலிருந்து குண்டு சுமார் 2 மீட்டர் உயரத்தில் கிளம்பித் தரையில் விழுகிறது. கோணம் தாழ்வாக இருந்தால் கையால் இன்னும் வேகமாகத் தள்ளவும் முடிகிறது. அதனால் தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழேதான் எறிகிறார்கள். தேர்வில் நெடுக்கச் சூத்திரத்தை எழுதுமுன், பொருள் கிளம்பிய மட்டத்துக்கே திரும்புகிறதா என்று கேள்வியை இன்னொரு முறை படியுங்கள்.