தெரியுமா? வலப்பக்க ஸ்டியரிங்கோடு போய் அமெரிக்காவை மயக்கிய குட்டிக் கார்!

எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு பெயர், கூப்பிடும்போது இன்னொரு பெயர்! ஆங்கிலத்தில் கே, ஜே என்று தொடங்கும். ஆனால் கலிஃபோர்னியாவில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவரை அழைத்தது ‘ஷெல்’ என்றுதான். முழுப்பெயர் ஷெல் க்வாலே. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோ மலைச்சரிவில் இன்றும் உறுமிக்கொண்டு ஏறுகிறது என்றால், அதற்குப் பின்னால் எங்கோ ஓர் இடத்தில் இந்த மனிதரின் கை இருக்கும்!

முதல் வியப்பு இதுதான்: அவர் பிரிட்டிஷ்காரரே இல்லை! பிறந்தது 1919-ல், நார்வே நாட்டின் ட்ரான்ஹைம் நகரில். பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சியாட்டிலில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானி. போர் முடிந்ததும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அலமீடாவில் ஜீப் விற்கும் கடை போட்டார். இங்கிலாந்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!

அப்புறம் வந்தது 1947. வேலையாக நியூ ஆர்லியன்ஸ் போனவர் கண்ணில் ஒரு கார் பட்டது. எம்.ஜி. டி.சி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அவ்வளவுதான்! ஜீப் வியாபாரி அன்றோடு ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் ஆகிவிட்டார்.

அப்படி என்ன இருக்கிறது அதில் என்கிறீர்களா? ஒரு டி.சி.யின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். முழங்கையை வெளியே போட்டு ஓட்டுவதற்காகக் கதவின் மேல்விளிம்பை வளைத்து வெட்டியிருப்பார்கள். கதவின் கீல் பின்பக்கம் இருக்கும்! முன்கண்ணாடியை அப்படியே முன்னால் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, காற்று முகத்தில் அறைய ஓட்டலாம். பளபளக்கும் தகட்டுக்கு உள்ளே அதைத் தாங்கி நிற்பது என்ன தெரியுமா? மரம்! ஆஷ் என்ற மரத்தில் தச்சர் இழைத்த சட்டம்! 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் போல ஒல்லியாக நிற்கும். சக்கரத்தைக் கழற்ற நாலு நட்டு, ஐந்து நட்டு என்று தேட வேண்டாம். நடுவில் இரண்டு காது வைத்த ஒற்றை நட்டு. சுத்தியலால் அந்தக் காதில் தட்டினால் கழன்றுவரும். இடப்பக்கத்துக்கு ஒரு மரை, வலப்பக்கத்துக்கு அதற்கு நேர் எதிர் மரை. ஓட ஓட இறுகுமே தவிர, தளராது!

சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் எழாது! ‘டிக்... டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். மின்சாரப் பெட்ரோல் பம்ப், இரட்டைக் கார்புரேட்டர்களின் கிண்ணத்தை நிரப்புகிற சத்தம் அது. அந்த டிக்டிக் மெல்ல நிதானித்து நின்ற பிறகு, டேஷ்போர்டில் இருக்கும் குமிழைப் பிடித்து இழுத்தால்தான் செல்ஃப் எடுக்கும். கார் உங்களைக் கொஞ்சம் காக்க வைத்து, ‘சரி, இப்போது வா’ என்று கூப்பிடுகிற மாதிரி! இந்த ஒரு சத்தத்துக்காகவே டி.சி.யைக் காதலிக்கிறவர்கள் உண்டு. அவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இன்ஜின் வெறும் 1,250 சி.சி., 54 குதிரைத்திறன். அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பக் காரில் மூன்றரை லிட்டர் இன்ஜின் சர்வ சாதாரணம்! அது மட்டுமா? அமெரிக்காவில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். டி.சி.யோ கடைசி வண்டி வரை வலப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே செய்யப்பட்டது! முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வண்டியைத்தான் க்வாலே கப்பலில் வரவழைத்தார். அமெரிக்கர்கள் கொத்திக்கொண்டு போனார்கள்!

இங்கே கொஞ்சம் நின்று இன்னொருவரையும் நினைக்க வேண்டும். எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடையில் தொடங்கிய வில்லியம் மாரிஸின் கார் விற்பனை நிலையம் அது. அங்கே 1921-ல் வேலைக்குச் சேர்ந்த சிசில் கிம்பர்தான், சாதுவான மாரிஸ் கார்களுக்குத் துடுக்கான உடம்பு கட்டி எம்.ஜி. என்ற பேரை உலகமறிய வைத்தவர். நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதலில் 1941-ல் அவரை வெளியே அனுப்பினார்கள். 1945 பிப்ரவரி 4. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து கிளம்பிய ரயில் சுரங்கப்பாதைக்குள் ஏற முடியாமல் பின்னோக்கிச் சறுக்கியது; கடைசிப் பெட்டி தடம் புரண்டது. இறந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கிம்பர்! அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் டி.சி. வெளிவந்தது. தன் பிள்ளை கடல் தாண்டிப் போய் வென்றதைத் தகப்பன் பார்க்கவே இல்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பிள்ளை கடல் தாண்டியதற்குக் காரணம் என்ன தெரியுமா? பசி! போரில் ஜெயித்த பிரிட்டனின் கஜானா காலி. டாலர் வேண்டும். ஏற்றுமதி செய்கிற ஆலைக்குத்தான் இரும்பு என்று அரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் வரிசையில் காத்திருக்க, கார்கள் கப்பலேறின. க்வாலே போன்றவர்கள் அந்தக் கரையில் கை நீட்டி நின்றார்கள்.

இந்த இடத்தில் மெக்கானிக்குகளுக்கு மட்டும் ஓர் அதிசயம்! டி.சி. இன்ஜினின் போல்ட்டுகளுக்குத் தலை பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. மரை மட்டும் மெட்ரிக்! பிரான்ஸின் ஹாட்ச்கிஸ் ஆயுத நிறுவனம் முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. போருக்குப் பிறகு மாரிஸுக்கு இன்ஜின் செய்து கொடுத்தது. 1923-ல் மாரிஸே அந்தத் தொழிற்சாலையை வாங்கிவிட்டார். பிரெஞ்சு எந்திரங்கள் பிரெஞ்சு மரையைத்தானே வெட்டும்! உள்ளூர் ஸ்பானர் பொருந்த வேண்டுமே என்று தலையை மட்டும் பிரிட்டிஷ் அளவில் வைத்தார்கள். நியாயம்தானே?

சரி, க்வாலேவிடம் திரும்புவோம். அவருடைய உண்மையான மேதைமை விற்றதில் இல்லை என்பேன். காரை வாங்கியவன் அதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவான் என்று யோசித்தாரே, அங்கே இருக்கிறது! ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவனுக்கு ஒரு பந்தயம் வேண்டும், பார்க்க நாலு பேர் வேண்டும், தன்னைப் போலவே கிறுக்குப் பிடித்த சிநேகிதர்கள் வேண்டும். 1950 நவம்பர் 5. கலிஃபோர்னியாவின் மான்டெரே தீபகற்பத்தில், பெபிள் பீச்சின் பைன் மரக்காட்டுச் சாலைகளில் கார்ப் பந்தயம் நடந்தது. நடத்த முன்நின்றவர்களில் க்வாலே முக்கியமானவர். முதன்மைப் பந்தயத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? ஜாகுவார் எக்ஸ்.கே.120-ல் வந்த ஃபில் ஹில் என்ற 23 வயது இளைஞர். இங்கிலாந்தில் ஜாகுவார் ஆலைக்கே போய் வேலை பழகிவிட்டு வந்தவர். அதே ஃபில் ஹில்தான் 1961-ல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆன முதல் அமெரிக்கர்!

அந்தப் பந்தயத்துக்குத் துணைநிகழ்ச்சியாக அழகான கார்களை நிறுத்தி வைத்து ஒரு காட்சியும் நடந்தது. ஊறுகாய் மாதிரி ஒரு ஓரத்தில்! 1956-ல் எர்னி மக்கஃபி என்ற ஓட்டுநர் தன் ஃபெராரியோடு மரத்தில் மோதி இறந்தார். மரங்களுக்கு நடுவே இனிப் பந்தயம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு மாற்றாகப் பக்கத்திலேயே ராணுவ நிலத்தில் 1957-ல் எழுந்ததுதான் புகழ்பெற்ற லகுனா சேகா ஓடுகளம். ஓரத்தில் இருந்த அந்த ஊறுகாய்? அதுதான் இன்று உலகத்திலேயே பெரிய பேர் வாங்கிய பெபிள் பீச் பழங்கார் அழகுக் காட்சி! ஒவ்வோர் ஆகஸ்டிலும் கடலோரக் கோல்ஃப் மைதானத்தின் புல்வெளியில், கோடிக்கணக்கில் விலை போகும் கார்கள் பனித்துளி மேல் உருண்டு வந்து நிற்கின்றன.

க்வாலேவின் ஷோரூமைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி! சான் ஃபிரான்சிஸ்கோவின் வான் நெஸ் அவென்யூவில், பெர்னார்ட் மேபெக் என்ற பெரிய கட்டடக் கலைஞர் பேக்கர்ட் கார்களுக்காக எழுப்பிய மாளிகை அது. பெரும் தூண்கள், கோயில் மண்டபம் போன்ற உயரம். அதற்குள் ஆளின் நெஞ்சு உயரமே இருக்கும் எம்.ஜி.யும் ஜாகுவாரும் நின்றன!

டி.சி.க்கு அடுத்து வந்த டி.டி.யில்தான் இடப்பக்க ஸ்டியரிங் கிடைத்தது. செய்தவை சுமார் 30,000. அதில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்காவுக்கே போயின! பிறகு 1955-ல் எம்.ஜி.ஏ. மொத்தம் 1 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இங்கிலாந்திலேயே விற்றவை 6,000-க்கும் குறைவு! பெற்ற ஊரில் பார்க்க முடியாத பிள்ளை! இத்தனையும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து அபிங்டன் என்ற சிற்றூரில், நகரும் பட்டை இல்லாமல், ஆட்கள் கையாலேயே அடுத்த ஆளிடம் தள்ளித் தள்ளிப் பூட்டியவை.

இப்போது நம் வீட்டு அதிசயம். அந்த எம்.ஜி.ஏ.வின் 1,489 சி.சி. இன்ஜின் உங்களுக்கு ரொம்பத் தெரிந்த இன்ஜின்! 1959 முதல் நம் அம்பாசடரில் வந்ததும் அதே பி-சீரிஸ் குடும்பத்து 1,489 சி.சி. இன்ஜின்தான்! அங்கே இரட்டைக் கார்புரேட்டர் போட்டுப் பந்தயத்தில் பறந்தது. இங்கே பின்சீட்டில் ஆறு பேரை அடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது. அம்பாசடரே மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவிதானே! அந்தக் கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்ற ஒவ்வொரு டிரைவரும், தெரியாமலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பங்காளியோடு பேசிக்கொண்டிருந்தார்.

1964-ல் க்வாலே இன்னொரு துணிச்சல் செய்தார். இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்துக்கு எம்.ஜி. பெயரில் கார்களை இறக்கினார்! ஜோ ஹஃபேக்கர் கட்டியவை. இன்ஜின் பந்தயங்களில் பேர்போன ஆஃபன்ஹவுசர். சஸ்பென்ஷன் எங்கிருந்து வந்தது தெரியுமா? எம்.ஜி. 1100 என்ற சாதுவான குடும்பக் காரிலிருந்து! ஸ்பிரிங்குக்குப் பதிலாகத் திரவம் முன்னும் பின்னும் பாய்ந்து குலுக்கலை விழுங்கும் ஏற்பாடு. அலெக்ஸ் மோல்டன் கண்டது. பள்ளிக்குப் பிள்ளைகளை விடப் போகிற காரின் சூட்சுமம், உலகின் மிக வேகமான ஓடுகளங்களில் ஒன்றில்!

விற்றுக்கொண்டே இருந்தவருக்குச் செய்து பார்க்கும் ஆசையும் வந்தது. ஆஸ்டின்-ஹீலி 3000 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நின்றுபோனதும் அதன் ரசிகர்கள் தவித்துப்போனார்கள். அதற்கு உடல் செய்து கொடுத்துவந்த ஜென்சன் நிறுவனமும் தவித்தது. 1970-ல் க்வாலே ஜென்சனின் பெரும்பங்கை வாங்கினார். ஹீலி என்ற அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டொனால்ட் ஹீலியைத் தலைவராக உட்கார வைத்தார். 1972-ல் ஜென்சன்-ஹீலி பிறந்தது. இரண்டு லிட்டரில் 16 வால்வு, லோட்டஸ் இன்ஜின்! ஆனால் புது இன்ஜினின் ஆரம்பக் கோளாறுகள், எண்ணெய் நெருக்கடி, வேலைநிறுத்தம் எல்லாம் சேர்ந்து அழுத்தின. பத்தாயிரத்துக்கும் மேல் செய்தும் 1976-ல் ஆலை மூடப்பட்டது. தோல்வி என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு மனம் வரவில்லை. தான் நேசித்த காருக்கு வாரிசு வேண்டுமென்று சொந்தப் பணத்தைப் போட்ட வியாபாரியை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

அறுபது ஆண்டு கார் வாழ்க்கையை அவர் பின்னாளில் புத்தகமாக எழுதினார். தலைப்பு, ‘நான் ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை’ என்ற பொருளில்! ஊரே பழைய கார்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கக் காரணமானவர் வைத்த தலைப்பு அது! 2013 நவம்பரில், 94 வயதில் காலமானார்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எண்பதை எட்டிய வயதில், மகனோடு சேர்ந்து இத்தாலியின் மொதெனாவில் தன் குடும்பப் பெயரிலேயே ஒரு கார் செய்தார்: க்வாலே மங்குஸ்டா. ஃபோர்டின் வி-8 இன்ஜின், இத்தாலியக் கைவேலை. அதிகம் விற்கவில்லை, விரைவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அப்போது அந்தக் காரின் வடிவமைப்பையும் அடித்தளத்தையும் விலைக்கு வாங்க இங்கிலாந்திலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. யார் தெரியுமா? எம்.ஜி. ரோவர்! அதன் மேல் புது உடம்பு போட்டு, எக்ஸ்பவர் எஸ்.வி. என்று பேர் வைத்தார்கள். 1947-ல் நியூ ஆர்லியன்ஸில் அவர் கண்ணில் பட்ட அதே எண்கோண எம்.ஜி. முத்திரை, க்வாலேவின் காரிலிருந்து பிறந்த காரின் மூக்கில் போய் உட்கார்ந்தது!