"வயசாயிடுச்சு, அதான் அசதி"ன்னு விட்டுடலாமா?



குழுக் கூட்டங்களில் 45 வயதைத் தாண்டிய உறுப்பினர்கள் அடிக்கடி சொல்வது: "காலையில எழுந்திருக்கும்போதே உடம்பு ஓய்ஞ்சு கெடக்குது." பக்கத்தில் இருப்பவர், "தீட்டு நிக்கிற வயசுக்கா, அப்படித்தான் இருக்கும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த வயதில் அசதி வருவது உண்மைதான். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கும். ராத்திரியில் உடம்பு காந்தி, குப்பென்று வேர்த்து, தூக்கம் கெடும். ஆனால் ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே இதே அசதி வேஷத்தில்தான் வரும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. தீட்டு நிற்கப்போகும் காலத்தில் சிலருக்குப் போக்கு கூடிவிடும். பாட்டிமார் 'பெரும்பாடு' என்பார்கள். "நிக்கப் போகுது, அதான் கொட்டித் தீர்க்குது" என்று ஆறுதல் வேறு சொல்வார்கள்! மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, கட்டி கட்டியாகப் பட்டாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ அது கவனிக்க வேண்டிய போக்கு. ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது.

குழு நோட்டில் வரவு செலவு எழுதும் நமக்கு, உடம்புக் கணக்கு எழுதுவது கஷ்டமா? 2 வாரம் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினோம், எத்தனை தடவை வேர்த்து விழித்தோம், போக்கு எப்படி, பத்துக்கு அசதி எத்தனை. நன்றாகத் தூங்கிய மறுநாள் அசதி குறைந்தால் தூக்கக் குறைவு காரணமாக இருக்கலாம். தூங்கியும் குறையாவிட்டால் ரத்தத்தைப் பார்த்தே ஆகணும்.

போன வருஷம் செய்த வேலையோடும் ஒப்பிடுங்கள். அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனிக்குப் போகிறவர், ஸ்டேஷன் படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா பார்க்கட்டும். பூந்தமல்லிப் பக்கம் வீட்டில் பூ கட்டுகிறவருக்கு உட்கார்ந்த வேலை, மூச்சு வாங்குவது தெரியாது. எழுந்தால் கண் இருட்டுதா, நெஞ்சு படபடக்குதா என்று கவனிக்கணும்.

நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. சர்க்கரை, தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். போக்கு அதிகம் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் தேவைப்படலாம். கட்டி என்றாலே கர்ப்பப்பையை எடுக்கணும் என்று இல்லை, மருந்திலேயே அடங்குவதும் உண்டு.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதீர்கள், சத்து சேராது. எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம்.

தீட்டு நின்று முழுசாக ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும், அசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.