28 மில்லிமீட்டர் வீரனுக்கு வெளிச்சம் வரைவது எப்படி?

உங்க கட்டைவிரல் நகத்தை ஒரு நிமிஷம் பாருங்க. டேபிள்டாப் கேம்ல வர்ற ஒரு போர்வீரனோட தலை அந்த நகத்துக்குள்ள தாராளமா அடங்கிடும். அந்தத் தலையில கண், உதடு, கன்னத்துத் தழும்பு எல்லாம் பெயின்ட் பண்ணணும்னு சொன்னா, “ஆளை விடுங்க சாமி”ன்னு எழுந்து போயிடுவீங்க. பலரும் இந்த ஹாபி பக்கமே வராததுக்கு இந்த பயம்தான் காரணம்: “எனக்கு டிராயிங் வராது, காசு குடுத்து வாங்கினதைக் கெடுத்துடுவேன்.”

அந்த பயத்தைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. மினியேச்சர் பெயின்டிங்கில் கை நடுங்காம இருக்கிறதை விட, கண் எப்படிப் பார்க்குது, திரவம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கிறது அதிகம் உதவும். ரெண்டுமே நாம ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்ல எட்டிப் பார்த்த சமாச்சாரம்தான்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

செஸ் போர்டு மாதிரி கட்டம் எதுவும் கிடையாது. ஒரு பெரிய மேசை, அது மேல குட்டி மலை, இடிஞ்ச கட்டடம். ரெண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்தி, டேப் வச்சு இன்ச் கணக்குல அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவாங்க. ‘டைம் மெஷின்’ கதை எழுதின எச்.ஜி.வெல்ஸ் இருக்காரே, அவரே 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வச்சு விளையாட ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிப் புத்தகம் போட்டிருக்கார். இன்னைக்கு இந்தத் துறையில் பெரிய பேர் கேம்ஸ் வொர்க்‌ஷாப். 1975-ல் லண்டனில் ஆரம்பிச்சு, இப்போ நாட்டிங்ஹாமில் இருக்கிற கம்பெனி. அவங்களோட ‘வார்ஹேமர்’ 1983-லும், அதோட விண்வெளி வடிவமான ‘வார்ஹேமர் 40,000’ 1987-லும் வந்தது.

பெட்டியைத் திறந்தா ரெடிமேட் பொம்மை இருக்காது. ‘ஸ்ப்ரூ’ என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் கை, கால், தலை, துப்பாக்கி எல்லாம் தனித்தனியா ஒட்டிக்கிட்டு இருக்கும். பெரும்பாலும் எல்லாமே சாம்பல் கலர். வெட்டுறது, ஒட்டுறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் உங்க பொறுப்பு.

சும்மா கலர் அடிச்சா ஏன் பத்தாது?

இந்த பொம்மைகளுக்கு வழக்கமான அளவு 28 மி.மீ. நிஜ ஆளோட ஒப்பிட்டா ஏறக்குறைய 60-ல் ஒரு பங்கு. விளையாடும்போது அதை 60 செ.மீ. தள்ளி இருந்து பார்க்கிறீங்கன்னு வைங்க. 60 செ.மீ. × 60 = 36 மீட்டர். அதாவது, 36 மீட்டர் தூரத்தில் நிக்கிற ஒரு ஆள் உங்களுக்கு எவ்வளவு பெருசா தெரிவாரோ, அந்த அளவுதான் இந்த வீரனும் தெரிவான். அவ்வளவு தூரத்துல நிக்கிறவரோட சட்டை மடிப்பும் கண் இமையும் உங்களுக்குத் தெரியுமா?

இன்னொரு விஷயம். ஒரு உருவத்தின் நுணுக்கம் ரொம்பச் சிறுசா போகப் போக, அதைப் பிரிச்சுப் பார்க்க நம்ம கண்ணுக்கு அதிக கான்ட்ராஸ்ட் தேவைப்படும். நிஜத் துணியில் இருக்கிற மெல்லிய நிழலை அப்படியே இந்த அளவுல கொண்டு வந்தா, கண் அதைத் தவறவிட்டுடும். அதனாலதான் சிவப்பு அங்கிக்கு ஒரே சிவப்பை அடிச்சா, பொம்மை மிட்டாய் மாதிரி மொழுக்குன்னு தெரியும்.

இதுக்கு ஒரே வழி, பள்ளத்தை நிஜத்தை விட இருட்டாவும் மேட்டை நிஜத்தை விட வெளிச்சமாவும் நாமே வரைஞ்சு வைக்கிறதுதான். கூத்துக் கலைஞர்கள் கண்ணையும் புருவத்தையும் அவ்வளவு அழுத்தமா எழுதுறாங்க இல்லையா, கடைசி வரிசைக்கும் தெரியணுமே! இங்கேயும் அதே லாஜிக்தான். கீழே சொல்லப் போற எல்லா டெக்னிக்கும் இந்த ஒரே வேலையைத்தான் செய்யுது.

ஐந்து படிகள்

சுத்தம். அச்சின் ரெண்டு பாதி சேர்ற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று நிக்கும். கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துடுங்க. இப்போ விட்டா, பெயின்ட் அடிச்ச பிறகு அது பளிச்சுனு காட்டிக் குடுக்கும். ரெசின் பொம்மைன்னா சோப்புத் தண்ணியில் கழுவணும். அச்சில் ஒட்டாம இருக்கப் பூசின எண்ணெய்ப் பசை அதுல இருக்கலாம்.

பிரைமர். அக்ரிலிக் பெயின்ட் தண்ணியில் கரையிறது. வெறும் பிளாஸ்டிக் மேல அது முத்து முத்தா உருண்டு நிக்கும். பிரைமர் பெயின்ட்டுக்குப் பிடிமானம் தரும். ஸ்பிரே பண்ணும்போது வெயில் உச்சத்தையும் ரொம்ப ஈரமான நாளையும் தவிர்த்துடுங்க. சூட்டில் துளிகள் காத்துலேயே காய்ஞ்சு, பொம்மை மேல மணல் தூவின மாதிரி விழும்.

பேஸ் கோட். டப்பாவில் இருந்து நேரா அடிக்காதீங்க. இட்லி மாவு பதத்தில் இருக்கிறதை, தண்ணி சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டு வாங்க. கெட்டியா ஒரு கோட் அடிச்சா நுணுக்கமெல்லாம் மூடிப் போயிடும். மெல்லிசா ரெண்டு கோட் அடிச்சா அப்படியே நிக்கும்.

வாஷ். ரொம்ப நீர்த்த, இருண்ட பெயின்ட். மேல தடவினதும் அது தானாகவே பள்ளங்களுக்குள்ள ஓடித் தங்கிடும், நிழல் ரெடி. வெறும் தண்ணியில் கலக்கினா ஒரு சிக்கல் வரும். மேசையில் சிந்தின காபி காயும்போது ஓரத்தில் மட்டும் வளையம் விழுது பாருங்க, அதே கதைதான். ஓரம் சீக்கிரம் ஆவியாகுது, உள்ளே இருக்கிற திரவம் நிறமித் துகள்களையும் இழுத்துக்கிட்டு அங்கே ஓடுது. கடையில் விக்கிற வாஷ் இந்தக் கறை விழாதபடி தயாரிச்சது. நீங்களே கலக்கினா, தண்ணிக்குப் பதிலா அக்ரிலிக் மீடியம் சேருங்க.

டிரைபிரஷ். பிரஷ்ல வெளிர் கலரைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட எல்லாத்தையும் துடைச்சுட்டு, பொம்மை மேல லேசா வருடுங்க. மேடான இடத்தில் மட்டும் கலர் பிடிக்கும். வாஷ் பள்ளத்தைத் தேடிப் போகுது, டிரைபிரஷ் மேட்டைத் தேடிப் போகுது. ரெண்டு இடத்திலும் உங்க கை எதையும் ‘வரையவே’ இல்லைங்கிறதை கவனிங்க.

இன்னும் சுருக்கு வழியும் உண்டு. கருப்பு பிரைமர் மேல சாம்பல், வெள்ளைன்னு டிரைபிரஷ் பண்ணிட்டு, 2019-ல் வந்த ‘கான்ட்ராஸ்ட்’ மாதிரியான ஒளி ஊடுருவும் பெயின்ட்டை மேல ஒரு கோட் விட்டா முடிஞ்சுது. இதுக்கு ‘ஸ்லாப் சாப்’னு பேர். “இதெல்லாம் சீட்டிங்”னு சில சீனியர்கள் முகம் சுளிப்பாங்க. 50 பொம்மை இருக்கிற படையை முடிக்கணும்னா வேற வழி பார்த்துத்தான் ஆகணும்.

பொம்மையை மாத்துறது: கன்வெர்ஷன்

ஒரு கிட்டின் தலையை இன்னொரு கிட்டின் உடம்பில் வைக்கிறது, வாளுக்குப் பதிலா கோடாரி குடுக்கிறது, இல்லாத அங்கியை நாமே செஞ்சு போடுறது எல்லாம் கன்வெர்ஷன். ஆரம்ப காலத்தில் இது தேவையினால வந்த பழக்கம். ‘வார்ஹேமர் 40,000’ வந்த புதுசில் வாகன மாடல்கள் பெருசா கிடைக்கல. கம்பெனியோட சொந்தப் பத்திரிகையான ‘ஒயிட் ட்வார்ஃப்’லேயே, காலி டியோடரண்ட் டப்பாவை வச்சு ஒரு பறக்கும் போர் வாகனம் செய்யிறது எப்படின்னு போட்டாங்க!

இதுல மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிச்ச சமாச்சாரம் ஒட்டுறதுதான். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கான சிமென்ட் உண்மையில் ஒரு கரைப்பான். ரெண்டு பக்கத்தையும் இளக்கிக் கலந்து ஒண்ணாக்கிடும்; ஒரு மாதிரி வெல்டிங். ரெசினும் உலோகமும் அதுல கரையாது, அதனால அதுக்கு சூப்பர் க்ளூ. சூப்பர் க்ளூ இறுகினா கண்ணாடி மாதிரி, இழுத்தா தாங்கும். பக்கவாட்டில் தட்டினா பட்டுனு விட்டுடும். அதனால கனமான கையை ஒட்டும்போது 1 மி.மீ. டிரில்லால் ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே விட்டு ஒட்டுவாங்க. பக்கவாட்டு விசையை இப்போ கம்பி வாங்கிக்கும்.

இடைவெளியை நிரப்ப, தோல், துணி செய்ய ‘கிரீன் ஸ்டஃப்’ என்கிற எபாக்சி புட்டி இருக்கு. நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பிசைஞ்சா பச்சை ஆகும், சில மணி நேரத்தில் இறுகும். குழாய் ஒழுகலுக்கு வீட்டில் வைக்கிற எம்-சீல் வேலை செய்யிற விதமும் இதேதான்: ரெசின் ஒரு பக்கம், ஹார்ட்னர் ஒரு பக்கம். கருவியைத் தண்ணியில் நனைச்சுக்கிட்டா புட்டி அதுல ஒட்டாது. எபாக்சியைப் பிசையும்போதும், ரெசின் பிரிண்டர்ல வந்த காயாத பிரிண்ட்டைத் தொடும்போதும் கையுறை கட்டாயம். தோலுக்கு அலர்ஜி வரும். தேய்க்கும்போது மாஸ்க்.

எதிரே நிக்கிறவரோட உரிமை

கன்வெர்ஷனுக்கு ஒரு எல்லை இருக்கு. உங்க வீரன் கையில் இருக்கிற ஆயுதம் என்னன்னு எதிராளி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்துப் புரிஞ்சுக்கணும். லேசர் துப்பாக்கியை ஒட்டிட்டு, “இது ராக்கெட் லாஞ்சர்னு வச்சுக்குங்க”ன்னா அவர் எதை நம்பித் திட்டம் போடுவார்?

‘வார்ஹேமர் 40,000’-ல் ஒரு வீரன் இன்னொருத்தனைச் சுட முடியுமான்னு, குனிஞ்சு அந்த பொம்மையின் கண் மட்டத்தில் இருந்து பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. நின்னுக்கிட்டு இருக்கிற வீரனை மாத்தி, மண்டியிட்ட மாதிரி செஞ்சா என்ன ஆகும்? சுவருக்குப் பின்னாடி முழுசா ஒளிஞ்சிடுவான். பார்க்க அழகான கன்வெர்ஷன்தான், ஆனா ஆட்டத்தில் அது ஏமாத்து வேலை. அதனால உயரத்தையும் அடித்தட்டின் அளவையும் ஒரிஜினலுக்கு நெருக்கமா வைங்க. கம்பெனி நடத்துற போட்டிகளில் வேற கம்பெனி பொம்மைக்கும் 3டி பிரிண்டுக்கும் பொதுவா இடம் கிடையாது. விதியைப் படிச்சுட்டுப் போங்க.

பெயின்ட்டுக்கும் விளையாட்டில் மதிப்பு உண்டு. 2020-ல் வந்த 9-ஆம் பதிப்பில், மொத்தம் 100 புள்ளியில் 10 புள்ளி பெயின்ட் முடிச்ச படைக்கு ஒதுக்கியிருந்தாங்க. முக்கியப் பகுதிகளுக்கு நிறமும், அடித்தட்டுக்கு ஒரு ஃபினிஷும் இருந்தா போதும். அழகுக்கு மார்க் இல்லை, முடிச்சதுக்குத்தான் மார்க். அழகுக்குன்னு தனியா ‘கோல்டன் டீமன்’ போட்டி 1987-ல் இருந்து இருக்கு. அதுல முதல் பரிசு ஒரு நிஜ வாள்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

படை வாங்காதீங்க. ஒரே ஒரு பொம்மை போதும். நுனி கூர்மையா இருக்கிற 1-ஆம் நம்பர் பிரஷ் ஒண்ணு; முடி மாதிரி மெல்லிசான பிரஷ் வேண்டாம், அதுல பெயின்ட் பொம்மையைத் தொடுறதுக்குள்ள காய்ஞ்சிடும். ஒரு அடர் கலர், ஒரு வெளிர் கலர், ஒரு பிரவுன் வாஷ். நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் ஈர டிஷ்யூ, அது மேல பட்டர் பேப்பர் போட்டு, அதுல பெயின்ட்டை வைங்க. ரொம்ப நேரம் காயாது.

“கெடுத்துட்டா?” எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல போர்டு துடைக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிளாஸ்டிக் பொம்மையை ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ச்சா அக்ரிலிக் உரிஞ்சு வந்திடும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ரெசின்னா முதல்ல ஒரு ஓரத்தில் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

முடிச்சதும் கண்ணுக்குப் பக்கத்தில் வச்சுக் குறை தேடாதீங்க. கை நீளத்துக்குத் தள்ளி வச்சுப் பாருங்க, அது அந்தத் தூரத்துக்காகத்தான் அடிச்ச பெயின்ட். அடித்தட்டுக்குக் கீழே தேதியை எழுதி வைங்க. பத்தாவது பொம்மையை முடிச்சுட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, எவ்வளவு தூரம் வந்திருக்கீங்கன்னு அதுவே சொல்லிடும்.